ஏழாம் மாடிக் கதவுகள்

மேல்பக்கம் மறுபடியும் இடித்தது. முக்காலி மேல் நின்றிருந்தவர் கதவை வெளியே இழுத்தார், உள்ளே தள்ளினார். மூட ஒரு விரல்கடை இருக்கும்போது அது நிலையின் மேல்கட்டையில் முட்டி நின்றது. இழைப்புளியை எடுத்துக் கதவின் மேல்விளிம்பில் வைத்தவர், கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்ன அண்ணே, நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்றாள் கீழே நின்ற டீச்சர். அவள் வீடுதான் அது.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாம எப்படி? மரக்கதவு மழைக்கு ஊதுது, பிளாஸ்டிக் போட்டுட்டா ஆயுசுக்கும் கவலையில்லைன்னு சொல்லி நீங்கதானே இதை மாட்டினீங்க? இப்ப பிளாஸ்டிக்கும் ஊதுதா?"

கூடத்தில் டியூஷன் பிள்ளைகள் சிரித்தன. குளியலறைக் கதவு மூடாத வீட்டில் பாடம் படிப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை சத்தமாக வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒருவன் தடுமாறியபோது வெளியே இருந்து நாலு பேர் எடுத்துக்கொடுத்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து நூலை எடுத்து நிலையின் மேல்கட்டையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்துப் பிடித்தார். இரண்டு ஓரங்களிலும் கட்டைக்கும் நூலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. நடுவில் கட்டை நூலைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

"சரி பண்ணிடலாம்," என்று சொல்லிவிட்டு முக்காலியிலிருந்து இறங்கினார்.

அந்தக் கட்டடத்தில் அவருக்குச் சீவல் என்று பெயர். தலைமுடியிலும் சட்டைப்பையிலும் எப்போதும் ஒன்றிரண்டு மரச்சீவல் சுருண்டு கிடக்கும். பிள்ளைகளுக்குச் சீவல் மாமா, பெரியவர்களுக்குச் சீவல் அண்ணன். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது பாதி போயிற்று. வேண்டாத பேச்சு வரும்போது அந்தக் காதைத் திருப்பிக்கொள்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான்.

இளவயதில் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி அடித்தார். பிறகு அடுக்குமாடிகள் எழும்ப ஆரம்பித்த காலத்தில் கதவு மாட்டும் வேலைக்கு வந்தார். இந்தக் கட்டடத்தின் கதவுகள் அத்தனையும் அவர் மாட்டியவை. வேலை முடிந்து கட்டியவர்கள் போய்விட்டார்கள், அவர் போகவில்லை. கீழ்த்தளத்தில் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டுப் பட்டறை ஆக்கிக்கொண்டார். பக்கத்திலேயே ஒரு அறை, அவருக்கும் மனைவிக்கும்.

தொழிலில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கதவு தன் பாடு, சுவர் கொத்தனார் பாடு. நிலைக்கு மேலே நிமிர்ந்து பார்ப்பதை அடுத்தவன் தட்டை எட்டிப் பார்ப்பது மாதிரி நினைத்தார். துறைமுகத்தில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான். கதவு இடித்தால் மரத்தைச் சீவு. மறுபடி இடித்தால் மறுபடி சீவு. மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் இளைக்கும். இதற்கு மேல் ஒரு தச்சனுக்கு விளக்கம் எதற்கு?

கடந்த ஒரு வருடமாக ஏழாம் மாடிக்கு அடிக்கடி போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் டீச்சர் வீட்டுப் படுக்கையறை, அடுத்த வாரம் எதிர்வீட்டு வங்கிக்காரர் சமையலறை, பிறகு மறுபடி டீச்சர். எல்லாம் மேல்விளிம்பு. பக்கவாட்டில் ஒன்றுகூட இடிக்கவில்லை. கீழே தட்டவில்லை. ஆறாம் மாடியிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. ஈரம் மேல்மாடிக்கு முதலில் வரும் என்று நினைத்துக்கொண்டார். கோடையிலும் கூப்பிட்டார்கள். அப்போது ஒன்றும் நினைக்காமல் இருந்துவிட்டார்.

பிளாஸ்டிக்குக்கு ஈரம் ஏது, கோடை ஏது?

பிள்ளைகள் போன பிறகு, ஒரு சந்தேகம் என்று சொல்லி டீச்சரின் கூடத்துக்குள் ஏணியைக் கொண்டுவந்தார். ஒரே அளவில் மூன்று சிறு கட்டைகளை அறுத்து வைத்திருந்தார். கூரையின் இரண்டு எதிர்மூலைகளிலும் ஒவ்வொரு கட்டையைப் பதித்து, அவற்றின் அடிமுனைகளில் நூலை விறைப்பாகக் கட்டினார். கூரை நேராக இருந்தால் மூன்றாவது கட்டை நடுவில் நூலுக்கும் கூரைக்கும் இடையே கச்சிதமாக நுழைய வேண்டும். நுழையவில்லை. அதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை.

"என்ன அண்ணே, கூரைக்கும் கதவு போடப்போறீங்களா?"

"அளவு பாக்கறேன்."

"கூரையை எதுக்கு அளக்கறீங்க?"

அவர் இடது காதைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கூரைக்கு மேலேதான் தோட்டம் இருந்தது. நகரத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட தோட்டம். மொட்டைமாடி முழுக்க மண், புல், செடி, இடுப்பளவு மரங்கள், நடுவில் அல்லிக்குளம். வெயில் காலத்தில் கீழ்வீடுகள் குளிர்ச்சியாக இருக்கும், காற்று சுத்தமாகும், பறவை வரும் என்று சொல்லி, தலைமுடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் அதை வரைந்து கொடுத்தாள். சாதாரண மண் கூடாது என்றாள். தேங்காய் நார்த்தூளும் பொரி மாதிரி ஊதிய கல்லும் கலந்த லேசான கலவையை அரை முழ உயரத்துக்கு நிரப்பிவிட்டு, நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவருக்கு யோசனை வந்தால் ஊர் தாங்காது. வெறும் தோட்டம் என்றால் அதில் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்கு ஒரு மூட்டை என்று திட்டம் போட்டார். புதிதாகக் குடி வருகிறவர்கள் தங்கள் சொந்த ஊரிலிருந்து ஒரு மூட்டை மண் கொண்டுவந்து மாடியில் கொட்ட வேண்டும். ஒரு செடியும் நட வேண்டும். பத்திரிகையில் படம் வந்தது. சிவப்பு மண், கறுப்பு மண், ஆற்று மணல், களிமண் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தது. வாடகைக் கட்டடம் என்பதால் வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் குறைவில்லை. போகிறவர்கள் மண்ணைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதில்லை.

"வர்றவன் மாடியில மண்ணைப் போடறான், போறவன் வாடகை பாக்கி வெச்சு நம்ம தலையில மண்ணைப் போடறான்," என்பார் காவலாளி.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் சீவலின் மனைவி. பிள்ளைகள் அவளைத் தோட்டத்தம்மா என்றார்கள். அதற்கு முன் அவள் துணி ஆலை ஒன்றில் தையல் வேலை பார்த்தாள். பன்னிரண்டு வருடப் பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் பிடித்துக்கொண்டது. படுத்தால் இருமல், பேசினால் இருமல். அவள் இருமும் சத்தம் கேட்காமல் இருக்க அவர் இயந்திரத்தை ஓட விட்டுக்கொண்டு சும்மா நிற்பார். காற்று மாற வேண்டும் என்றார் மருத்துவர். ஏழைக்கு எங்கே காற்று மாறும்? மாடியில் மாறிற்று. தோட்டத்துக்குப் போன இரண்டாம் வருடம் இருமல் நின்றது. ஒரு நாள் காலையில் அவள் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு அவர் பட்டறையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். மணமான நாளிலிருந்து அவள் பாடி அவர் கேட்டதில்லை.

அவளும் ஒரு வேலை செய்திருந்தாள். மழை பெய்தால் மாடியிலிருந்து சேற்றுத்தண்ணீர் குழாய் வழியே இறங்கிக் கீழே நின்ற கார்களின் மேல் தெறிக்கும். கார்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவள் தண்ணீர் வெளியேறும் துளைகள் ஒவ்வொன்றிலும் பழைய பருத்தித்துணியை நாலாக மடித்துக் கட்டினாள். அதன் பிறகு கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. செயலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். நாளாக ஆகத் தண்ணீர் மெலிந்து நூலாக வந்தது. தன் தோட்டம் கோடையிலும் தண்ணீர் கேட்பதில்லை என்று அவள் பெருமைப்பட்டாள்.

மூட்டைகளை மேலே தூக்கிச் சென்றவர் சீவல்தான். வேறு யார் தூக்குவார்கள்?

ஏணியைப் பட்டறையில் வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார். சாயங்காலம். வானம் மூடியிருந்தது. மனைவி இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இலைக்கு முகம் கழுவி விடறியா?"

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்கல்ல. நகரத்துலயே நல்ல பசுமைக் கட்டடத்துக்குப் பரிசு குடுக்கறவங்க. ஒன்பது பேராம். அல்லிக்குளத்துக்கிட்ட நிக்க வெச்சு என்னைத்தான் பேசச் சொல்லப்போறாராம் செயலாளர்."

"நீ பேசுவியா?"

"ஏன், உங்ககிட்ட பேசறதில்லையா?"

"என்கிட்ட பேசறதுக்குப் பேரு திட்டறது."

"அவங்களையும் திட்டிட்டாப் போச்சு," என்று சிரித்தாள். சிரித்து முடித்து ஆழமாக மூச்சு இழுத்தாள். தடங்கல் இல்லாமல் அது உள்ளே போய் வெளியே வந்தது.

அவர் செடிக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு கம்பைப் பிடுங்கி மண்ணில் இறக்கினார். ஒரு முழம் இறங்கிற்று. இழுத்தபோது பாதிக்குக் கீழே கறுத்து ஒழுகியது. துளைக்குள் தண்ணீர் ஊறி மேலே வந்து மினுங்கியது. பத்து நாளாக மழை இல்லை. குளத்தின் பக்கத்தில் தரை லேசாகச் சரிவாக இருந்தது. அல்லி இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன.

"இந்தா," என்றார். "அந்தத் துளையில கட்டின துணியை எல்லாம் அவுத்துடலாமா?"

"இப்பவா? உங்களுக்கு என்ன ஆச்சு? அவுத்தா ராத்திரி பூரா சேறு ஓடும். காலையில அவங்க வந்து இறங்கற இடத்துலயே விழும். வெள்ளைச் சுவர் வேற. நாளன்னைக்கு அவுத்துக்கலாம்."

"மண்ணு ரொம்ப ஆயிடுச்சு."

"மண்ணு ஆகாம எது ஆகும்?" கையை இடுப்பில் வைத்து அவரைப் பார்த்தாள். "என்னவோ சொல்ல வந்தீங்க."

சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான் இருந்தது. இந்தத் தோட்டத்தை எடுத்துவிட வேண்டும். மண்ணை மூட்டை கட்டி இறக்க வேண்டும். அவள் மறுபடியும் கீழே, மோட்டார் அறைக்குப் பின்னால். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "நீலப் புடவை கட்டிக்க நாளைக்கு."

செயலாளர் வீடு இரண்டாம் மாடியில். கதவைத் திறந்தவர் கையில் நாளைய வரவேற்புரை இருந்தது.

"சார், ஏழாம் மாடியில கூரை கொஞ்சம் இறங்கியிருக்கு."

"யார் சொன்னது?"

"நான்தான் சார் பாத்தேன். நூல் பிடிச்சு."

"நீ கதவைப் பாரய்யா. நீ கூரையைப் பார்த்தா, நாளைக்கு கொத்தனார் வந்து உன் உளியை எடுப்பான்." சிரித்தார். சீவல் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "எவ்வளவு இறங்கியிருக்கு?"

சீவல் விரல்களை அகட்டிக் காட்டினார். பெரிதாகக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"கட்டடம்னா அங்க இங்க உக்காரத்தான் செய்யும். மனுஷன் உக்காரலையா? நாளைக்கு ஒரு நாள் போகட்டும். நாளன்னைக்கு நானே இன்ஜினியரைக் கூட்டிட்டு வர்றேன். வீட்டுக்காரிகிட்ட ஒண்ணும் சொல்லி வைக்காதே. பாவம், பேசறதுக்கு மனப்பாடம் பண்ணிட்டிருக்கா."

"சரி சார்."

படி இறங்கும்போது நெஞ்சு லேசானது. தான் சொல்லியாயிற்று. இத்தனை வருடம் நின்றது ஒரு நாள் நிற்காதா? நாளை மறுநாள் இன்ஜினியர் சொல்லித்தான் தோட்டம் போகும். தன் வாயால் போகாது. ஆனால் ஐந்தாம் படியில் நின்றுவிட்டார். டீச்சரின் கூடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாயில் வரிசையாகக் குனிந்த தலைகள். காலையிலும் ஒரு வகுப்பு, மாலையிலும் ஒரு வகுப்பு.

வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று சொல்ல அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அரை மணியில் கட்டடம் முழுக்கத் தெரியும். மனைவிக்கும் தெரியும். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்கு ஏறினார்.

டீச்சரின் வாசல்கதவுக் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தபோது அவள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணே! குளியலறைக் கதவைச் சரி பண்ணச் சொன்னா வாசல்கதவைக் கழட்டறீங்க?"

"இதுவும் வளைஞ்சிருக்கும்மா. பட்டறையில வெச்சுத்தான் சரி பண்ணணும். நாளன்னைக்கு மாட்டிடறேன்."

"கதவில்லாத வீட்ல எப்படித் தூங்கறது?"

"அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருங்க. சாமான் போகாது, காவலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"டியூஷன்?"

"பிள்ளைங்க சந்தோஷப்படும்."

அவள் அவரையே பார்த்தாள். "உங்க காதுக்கு என்ன கேக்கலையோ தெரியாது, எனக்கு நல்லாக் கேக்குது. ராத்திரியில சுவத்துக்குள்ள யாரோ விரலைச் சொடுக்கற மாதிரி சத்தம் வருது. எலின்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எலிதானே அண்ணே?"

"எலியாத்தான் இருக்கும். போய்ட்டு வாங்கம்மா."

அவள் பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டு வங்கிக்காரர் கொஞ்சம் கத்தினார். இந்த வீட்டில் கதவைத் தவிர எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதையும் பிடுங்குகிறாயே என்றார். பிறகு குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குப் போனார். கதவில்லாத வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சீவல் போட்ட கணக்கு சரியாக இருந்தது. கதவுகளை முதுகில் சுமந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பட்டறைச் சுவரில் சாய்த்தார். தன் ஆயுளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்ததில்லை என்று தோன்றிற்று. ஏழாம் மாடியின் இரண்டு வீடுகளும் காலி. விழுந்தாலும் வெறும் தரை மேல்தான் விழும்.

மனைவி சாப்பாடு போடும்போது உரையைச் சொல்லிக் காட்டினாள். மண்ணைப் பற்றி இரண்டு வரி, பறவைகளைப் பற்றி ஒரு வரி, நன்றி. "என் புருஷன் தூக்கின மண்ணு" என்று ஒரு இடத்தில் வந்தது. அதை எடுத்துவிடு என்றார். அவள் எடுக்க மாட்டேன் என்றாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் படுத்ததும் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் பரிசுக்குழுவினர் வந்தார்கள். மழை விட்டிருந்தது. செயலாளர் அவர்களை வாசலில் வரவேற்றார். குடியிருப்போரில் இருபது பேரும் கூட ஏறினார்கள். சீவல் பட்டறையில் இருந்தார். மனைவி மேலே வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

புகைப்படம் எடுப்பவர் எல்லாரையும் அல்லிக்குளத்தைச் சுற்றி நெருக்கமாக நிற்கச் சொன்னார். நின்றார்கள். தோட்டத்தம்மா பேச ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் குளத்தின் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி மறைந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். பிறகு கூரை டீச்சரின் கூடத்துக்குள் இறங்கியது. ஏழாம் மாடித் தரை அதைத் தாங்கிக்கொண்டது.

தீயணைப்புப் படையினர் மண்ணை வாளியில் அள்ளி எடுத்தார்கள். மண் ஈரமாகக் கனத்ததால் நேரமானது. செயலாளரும் குழுவிலிருந்து இரண்டு பேரும் இறந்திருந்தார்கள். பதினொரு பேருக்குக் காயம். தோட்டத்தம்மாவை மதியத்துக்குப் பிறகு எடுத்தார்கள். உயிர் இருந்தது. விலா எலும்புகள் உடைந்திருந்தன. மண் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்ததாகச் சொல்லி மருத்துவமனையில் குழாய் பொருத்தினார்கள். பேச முடியாது என்றார்கள்.

ஏழாம் மாடி வீடுகளில் ஒருவரும் இல்லாதது எப்படி என்று போலீஸ்காரர் விசாரித்தார். காவலாளி சீவலைக் காட்டினார். மருத்துவமனை வராந்தாவில் வைத்து விசாரணை நடந்தது.

"கதவைக் கழட்டினது நீயா?"

"ஆமா."

"விழும்னு தெரிஞ்சுதான் கழட்டினியா?"

"ஆமா."

"அப்ப மேல இருந்தவங்க?"

அவர் இடது காதைத் திருப்பிக்கொண்டார். போலீஸ்காரர் இன்னொரு தடவை கேட்டார். பிறகு அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, டீச்சரைக் கூட்டிவர ஒருவரை அனுப்பினார். மாலையில் மற்ற ஆறு மாடிக்காரர்களையும் வெளியேற்றினார்கள். கட்டடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் நிறுத்தப்பட்டன. எதிரே இருந்த பள்ளியின் வகுப்பறைகளில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.